வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதிகளை அலுவலகத்தில் நிலைநிறுத்துவது எப்படி

கொழும்பு அலுவலகங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யக் கற்றுக்கொடுத்தவை கொள்கைகள் அல்ல. 2020 மார்ச்சில் ஊரடங்கு கற்றுக்கொடுத்தது. 2022இல் பெற்றோல் வரிசை கற்றுக்கொடுத்தது. அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, யார் அலுவலகத்துக்கு வரலாம், யார் வீட்டில் இருக்கலாம் என்ற கேள்விக்கு இடமே இருக்கவில்லை. இரண்டு தடவையும் நிர்ப்பந்தமே விதியாக இருந்தபடியால் எவரும் விதி எழுதவில்லை. இன்று ஊரடங்கும் இல்லை, வரிசையும் இல்லை. பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நடுத்தர அளவிலான ஒரு கொம்பனியின் மனிதவளப் பிரிவில் நெடுநாளாக இருக்கிறேன். எங்களிடம் கணக்குப் பிரிவு உண்டு, வாடிக்கையாளர் சேவை உண்டு, ஆவணப் பிரிவு உண்டு, களஞ்சியமும் சாரதிகளும் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பற்றி என் மேசைக்கு வந்த முறைப்பாடுகளை எண்ணிப் பார்த்தால், வேலை நடக்கவில்லை என்று வந்தவை மிகக் குறைவு. “அவருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு ஏன் இல்லை” என்று வந்தவையே அதிகம். காரணம், நாங்கள் அதை ஒரு சலுகையாக நடத்திவந்தோம். சலுகை என்றால் கொடுப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏற்பாடு என்றால் எழுதிவைத்த தாளைப் பார்த்தால் போதும். சலுகையை ஏற்பாடாக மாற்றுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன். கணினி நிறுவனங்களுக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும், மற்றவர்களுக்கு உதவக்கூடும்.

முதலில், இப்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள்

எழுத உட்காருமுன், ஒவ்வொரு பிரிவுத் தலைவரிடமும் ஒரு பக்கம் கேளுங்கள்: தங்கள் பிரிவில் யார் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், எந்த நாட்களில், எப்போதிருந்து, யாருடைய அனுமதியில். கொள்கை எதுவும் இல்லாத கொம்பனியில் கூட இந்தப் பக்கம் வெறுமையாக வராது. எங்களுக்கு வந்த பதில்களில் ஒரு பிரிவுத் தலைவர், நீர்கொழும்பிலிருந்து ரயிலில் வரும் இரண்டு பேருக்கு இரண்டு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைகளை விட்டுக்கொடுத்திருந்தார். அவருக்கு அடுத்த அறையில் இருந்த இன்னொருவர், கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று, காய்ச்சலிலிருந்து எழும்பிய ஒரு பிள்ளைக்குக் கூட ஒரு நாள் கொடுக்கவில்லை. அனுமதிக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டபோது கிடைத்தது வட்ஸ்அப்பில் போடப்பட்ட ஒரு பெருவிரல் குறி. “நாளைக்கு வீட்டிலிருந்து பார்க்கட்டுமா சேர்?” என்ற கேள்வியின் கீழ் அந்தக் குறி மட்டும் இருந்தது. அது ஒரு நாளுக்கான அனுமதியா, இனி எல்லாச் செவ்வாய்க்கிழமைக்குமான அனுமதியா என்பதைப் போட்டவரும் மறந்துவிட்டார்.

இந்தப் பட்டியலைத் தண்டிப்பதற்குப் பயன்படுத்த வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த தடவை எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஏற்பாடுகள் புதிய விதி வரும் நாள் வரை அப்படியே தொடரும் என்று எழுத்தில் அறிவித்துவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

ஆளைப் பார்க்காமல் வேலையைப் பிரியுங்கள்

“கணக்குப் பிரிவினருக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது” என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லிவந்த வசனம். ஒரு நாள், கணக்குப் பிரிவில் கடனாளிகளின் பேரேட்டைப் பார்க்கும் ஒருவரை அழைத்து, ஒரு முழு வாரத்தில் அவர் செய்தவற்றை நாள்வாரியாகச் சொல்லச் சொன்னேன். திங்கட்கிழமை: வார இறுதியில் வந்த வங்கி வரவுகளைப் பேரேட்டோடு ஒப்பிடுதல். செவ்வாய்: நிலுவை வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு அழைப்பெடுத்தல். புதன்: காசோலைகளை எழுதிப் பணிப்பாளரிடம் கையொப்பம் வாங்குதல். வியாழன்: வங்கிக்குப் போக வேண்டியவற்றை அடுக்கி, கையில் இருக்கும் சில்லறைக் காசை எண்ணிச் சரிபார்த்தல். வெள்ளி: அறிக்கை. ஐந்து நாட்களில் தாளும் முத்திரையும் கையொப்பமும் வேண்டியவை இரண்டே இரண்டு. மிச்ச மூன்றையும், அலுவலகத்தின் கணக்கு மென்பொருளுக்குப் பாதுகாப்பாக நுழைய முடியுமானால், வெள்ளவத்தையிலிருந்தும் செய்யலாம், வவுனியாவிலிருந்தும் செய்யலாம்.

இவ்வாறே ஒவ்வொரு பதவியின் வேலைகளையும் மூன்று கூடைகளில் போடுங்கள்: இடத்தில் இருந்தே செய்ய வேண்டியவை, எங்கிருந்தும் செய்யக்கூடியவை, எங்கிருந்தும் செய்யலாம், ஆனால் பக்கத்தில் ஒருவர் இருந்தால் விரைவாக முடியும் என்பவை. மூன்றாவது கூடைதான் சச்சரவுக்குரியது. புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை பழக்குவது அதில்தான் வரும். பழக்குபவரும் பழகுபவரும் ஒரே நாளில் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று எழுதாவிட்டால், சேர்ந்து மூன்று மாதமான ஒரு பிள்ளை வெறும் மேசைகளுக்கு நடுவில் தனியே உட்கார்ந்திருப்பதைக் காண நேரிடும்.

களஞ்சியக் காப்பாளர், சாரதி, வரவேற்பு மேசையில் இருப்பவர் ஆகியோரின் வேலை முழுவதும் முதலாவது கூடையில்தான் விழும். இதை மறைத்து, “தகுதியுள்ள எல்லா ஊழியர்களுக்கும்” என்று மழுப்பி எழுதுவதைவிட, இன்னின்ன பதவிகளுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது என்று காரணத்தோடு வெளிப்படையாக எழுதுவது நல்லது. அவர்களுக்கு வேறொன்றைக் கொடுக்க முயலுங்கள். நாங்கள் அவர்களுடைய தொடக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ நகர்த்திக்கொள்ள இடம் கொடுத்தோம். காலி வீதியின் காலை நெரிசலை அறிந்தவர்களுக்கு அது சின்ன விடயம் அல்ல.

எத்தனை நாட்கள், எந்த நாட்கள்

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் சீனாவின் ஷங்காயில் இருக்கும் ட்ரிப்.கொம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. வாரத்தில் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்த குழுவில் வேலையை விட்டுப் போனவர்களின் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத்திறனிலும் பதவி உயர்விலும் குறைவு எதுவும் தென்படவில்லை. ஷங்காயின் அலுவலகத்தை அப்படியே கொழும்புக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் எத்தனை நாள் என்று இழுபறிப்படும் பணிப்பாளர் சபைக்கு முன்னால், இரண்டு நாட்களிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வதற்கு அது போதுமான பிடிமானம்.

எந்த நாட்கள் என்பது அதைவிடக் கடினமானது. ஊழியரின் விருப்பத்துக்கு விட்டால் எல்லோரும் திங்களையும் வெள்ளியையும் கேட்பார்கள். போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) வியாழனில் விழுந்தால் வெள்ளிக்கிழமைக்கு அடிபிடியாகிவிடும். எனவே ஒவ்வொரு பிரிவுக்கும், எல்லோரும் அலுவலகத்தில் இருக்கும் ஒரு பொது நாளை நிலைப்படுத்துங்கள். எங்களுக்கு அது புதன். மாத இறுதியில் கடைசி மூன்று வேலைநாட்கள் கணக்குப் பிரிவுக்கு வீட்டு நாட்கள் கிடையாது. திங்களும் வெள்ளியும் சுழற்சி முறையில் வரும். ஒருவருக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வராது. இதற்கு மேல் நுணுக்கமாக எழுதப் போனால் பாடசாலை நேரசூசி போல ஆகிவிடும். மற்றதைப் பிரிவுத் தலைவரிடம் விட்டுவிடுங்கள்.

“வீடு” எது என்பதையும் எழுதுங்கள். கொழும்பில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வாடகை அறை ஒன்றும் வீடு ஒன்றும் உண்டு. அறை பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும். வீடு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ இருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர், அந்த வாரம் முழுவதும் அங்கிருந்தே வேலை செய்துவிட்டு ஞாயிறு இரவு பஸ்ஸில் வரட்டுமா என்று கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு இத்தனை வாரங்கள் என்று ஒரு வரம்பு வைத்து, முன்கூட்டியே இணைய இணைப்பைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதிப்பதே நல்லது. நாட்டுக்கு வெளியே என்றால் கதை வேறு. அந்த நாட்டின் வருமான வரி, விசா நிபந்தனை, வாடிக்கையாளரின் தரவை எல்லை கடந்து கொண்டுபோவது எல்லாம் சேர்ந்து வரும். எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வேலை செய்யக்கூடாது என்று ஒரு வசனம் போதும். ஆனால் அந்த வசனம் கட்டாயம் இருக்க வேண்டும்.

நேரம் என்ற பெரிய தலையிடி

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலைநேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலங்கள், வாரத்துக்கு 45 மணித்தியாலங்கள். அதற்கு மேற்பட்டது மேலதிக நேரம். அதற்குச் சாதாரண மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், அதுவும் வாரத்துக்கு 12 மணித்தியாலங்களுக்கு மேல் போகக்கூடாது. இந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் அலுவலகம் என்றால் ஒரு கட்டடம். மாலையில் கதவைப் பூட்டினால் வேலையும் பூட்டப்பட்டுவிடும். வீட்டில் பூட்டுவதற்குக் கதவு இல்லை. ஆகவே பூட்டை நாம்தான் எழுத வேண்டும்.

எங்கள் முதல் வரைவில் “ஊழியர் வேலைநேரம் முழுவதும் தொடர்பில் இருத்தல் வேண்டும்” என்று எழுதியிருந்தோம். படிப்பதற்கு அது கேடில்லாத வசனமாகத்தான் தெரிந்தது. நடைமுறையில் என்ன ஆனது என்றால், கணினித் திரையின் ஓரத்தில், ஆள் தொடர்பில் இருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளி அணையக்கூடாது என்பதே வேலையாகிவிட்டது. ஒருவர் சோறு சாப்பிடும்போதும் இடது கையால் மவுஸை அசைத்துக்கொண்டிருந்ததாகப் பின்னர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வசனத்தை நீக்கிவிட்டு நான்கு விடயங்களை எழுதினோம். முற்பகல் 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை, உணவு இடைவேளை தவிர, எல்லோரும் அழைப்புக்குப் பதிலளிக்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு அதே வேலைநாளில் பதில் போக வேண்டும். உடனே தேவை என்றால் தொலைபேசியில் அழைக்க வேண்டும். நாளின் முடிவில், முடித்தது என்ன, மிச்சம் என்ன என்று இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு வரிக்கு மேல் எழுதினால் நான் வாசிக்க மாட்டேன் என்றும் சொல்லிவைத்தேன். அறிக்கை எழுதுவதே வேலையாகிவிடும் ஆபத்து பச்சைப் புள்ளியை விடப் பெரியது.

இரவு நேர வட்ஸ்அப் செய்தி எங்கள் அலுவலகங்களின் தீராத நோய். இரவு ஒன்பதரைக்கு ஒரு முகாமையாளர், “இதைக் கொஞ்சம் பாருங்கோ, அவசரமில்லை” என்று ஒரு பைலை அனுப்புகிறார். அவசரமில்லை என்று அவர் மனதார நினைக்கிறார். பெற்றவரோ, மேலிடத்திலிருந்து வந்ததாயிற்றே என்று மடிக்கணினியைத் திறக்கிறார். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு உரித்துள்ள ஊழியர் ஒருவர் இப்படி மாதம் முழுவதும் இரவில் வேலை செய்துவிட்டு, பிறகு அந்தச் செய்திகளையே அச்சடித்துக்கொண்டு நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போனால், “நாங்கள் கேட்கவில்லை” என்ற விளக்கம் எடுபடுவது கடினம். எனவே மாலை 6 மணிக்குப் பின் வரும் எழுத்துச் செய்திக்கு மறுநாள் காலை வரை பதில் எதிர்பார்க்கப்பட மாட்டாது என்றும், மேலதிக நேரம் முன்கூட்டியே மின்னஞ்சலில் அங்கீகரிக்கப்பட வேண்டும் என்றும், அங்கீகரிக்கப்பட்ட நேரத்துக்கு வீடு, அலுவலகம் என்ற பேதமின்றிக் கொடுப்பனவு உண்டு என்றும் எழுதுங்கள். முகாமையாளர்களுக்கு, செய்தியைக் காலையில் போகும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி மின்னஞ்சலில் இருப்பதைக் காட்டிக்கொடுங்கள். இரண்டு பேருக்குத் தவிர எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் உள்ள கொம்பனிகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. லண்டனில் காலை 9 மணி என்பது கொழும்பில் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அங்கே மாலை 5 மணியாகும்போது இங்கே இரவு 9.30 அல்லது 10.30. அந்த வாடிக்கையாளரைப் பார்ப்பவரை வழக்கம்போலக் காலை எட்டரைக்கும் வரச்சொல்லிவிட்டு இரவு பத்தரை வரை இருக்கச்சொல்வது, வீட்டிலிருந்தாலும் சரி, நியாயமும் அல்ல, சட்டமும் இடம் கொடாது. அவருடைய நாள் பிற்பகலில் தொடங்கும் என்று அவருடைய நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

மின்சாரம் போனால்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களில், மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதிக்குரிய எழுத்து எது, அந்த எழுத்துக்கு இன்று எத்தனை மணிக்கு வெட்டு என்று பார்ப்பதே முதல் வேலையாக இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தபோது, 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருளாக்கியது. நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை. அதன் தொடர்ச்சியாகத் திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வந்தபோதுதான், எங்கள் கொள்கையில் மின்சாரம் என்ற சொல்லே இல்லை என்பது தெரிந்தது. வீட்டில் இருந்தவர்களில் ஒருவர் அரைநாள் லீவு போட்டார், இன்னொருவர் அலுவலகத்துக்கு ஓடிவந்தார், மூன்றாமவர் சும்மா இருந்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் தாங்கள் செய்தது சரி என்றே நினைத்தார்கள். மூவரையும் குறைசொல்ல என்னிடம் விதி இருக்கவில்லை.

இப்போது எங்கள் விதி இதுதான். மின்சாரமோ இணையமோ போனால் 15 நிமிடத்துக்குள் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு உட்பட்டதானால் அதை அந்த வாரத்துக்குள் ஈடுசெய்யலாம். லீவு வெட்டப்பட மாட்டாது. அதற்கு மேல் நீடித்தால், கொழும்புக்குள் இருப்பவர் அலுவலகத்துக்கு வர வேண்டும் அல்லது அரைநாள் லீவு எடுக்க வேண்டும். நாடளாவிய தடையோ, களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவைப் பக்கம் வெள்ளம் வருவது போன்ற இடரோ ஏற்பட்டால், அன்றைய நாள் வேலைநாளாகவே கணக்கிடப்படும். ஒரே ஆளுக்கு ஒரே மாதத்தில் இது நான்கு தடவைக்கு மேல் நடந்தால், அவருடைய வீட்டு ஏற்பாட்டை மீளப் பார்ப்போம்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சூட்சுமமும் உண்டு. ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் மின்சாரம் போனதும் இணையம் போவதற்குப் பெரும்பாலும் காரணம், வீட்டிலிருக்கும் ரவுட்டர் அணைந்துவிடுவதுதான். தொலைபேசி நிலையத்துக்கு மின்சாரம் இருக்கும்வரை கேபிளில் ஒளி வந்துகொண்டுதான் இருக்கும். ரவுட்டருக்கென்றே விற்கப்படும் கையடக்கமான மின்கலப் பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினால், மடிக்கணினியின் மின்கலத்தோடு சேர்த்து ஒன்றரை மணித்தியால வெட்டைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். கைத்தொலைபேசியின் இணையத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்; நீண்ட வெட்டுகளில் கோபுரங்களின் மின்கலமும் தீர்ந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருப்பவர்களுக்குக் கொம்பனியே இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுப்பது, ஒரு வருடக் கோபத்தை விட மலிவானது.

வீட்டுக்குள் இடம்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. இரண்டு அறை. உள்ளே ஆறு பேர். கடல் பக்க யன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், தெருப் பக்க யன்னலைத் திறந்தால் பஸ் ஹோர்ன். உணவு மேசையின் ஒரு முனையில் மகளின் ஒன்லைன் கணித வகுப்பு, மறுமுனையில் அம்மாவின் வாடிக்கையாளர் அழைப்பு, நடுவில் குக்கர் விசில். எங்கள் வாடிக்கையாளர் சேவையின் மிகச் சிறந்த குரல் அந்த மேசையிலிருந்துதான் பேசியது. தனி அறை உள்ளவர்களுக்கு மட்டுமே வீட்டிலிருந்து வேலை என்று முதலில் எழுதியபோது, அது அவரை வெளியே தள்ளி, நுகேகொடையில் மாடி வீடு உள்ள முகாமையாளர்களை உள்ளே எடுக்கும் விதி என்பது எங்களுக்கு விளங்கவில்லை. அதை “அழைப்பு நேரத்தில் பின்னணிச் சத்தம் கேட்காத ஒரு மூலை” என்று மாற்றி, சத்தத்தைத் தடுக்கும் ஹெட்செட் ஒன்றைக் கொடுத்தோம். கமரா விடயத்திலும் இதே நிதானம் வேண்டும். வீட்டுச் சுவரைக் காட்ட விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். வாடிக்கையாளர் கூட்டத்துக்கு மட்டும் கமரா கட்டாயம், அதற்குக் கொம்பனியின் பின்னணிப் படம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

வேலைநேரத்தில் பிள்ளை பராமரிப்புக்கு வேறொருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பல கொம்பனிகள் எழுதுகின்றன. எழுதுங்கள், தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தாய்மாரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் தகப்பன்மாரைக் கேட்காமல் விட வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் அது எல்லோருக்கும் பொதுவான ஒரே வசனமாக இருக்கட்டும்.

காசும் கருவியும்

இணையக் கட்டணத்துக்கு மாதாந்தம் ஒரு தொகை கொடுப்பதா, பற்றுச்சீட்டைக் காட்டினால் மீளக் கொடுப்பதா என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். எல்லோருக்கும் மாதாந்தம் ஒரே தொகை என்று கொடுத்தால், அது சம்பளத்தின் பகுதியா, அதற்கும் கொம்பனியின் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமுமான சேமலாப நிதிப் பங்களிப்பும் கொம்பனி செலுத்தும் 3 வீத ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் சேர வேண்டுமா, வருமான வரியில் அது எங்கே நிற்கும் என்ற கேள்விகள் எழும். உங்கள் கணக்காளரிடமும் சட்டத்தரணியிடமும் கேட்டு அவர்களுடைய பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே தொகையை அறிவியுங்கள். வீட்டு மின்கட்டணம் அலகு ஏற ஏறப் படிகளாக ஏறுவது என்பதையும் மறக்க வேண்டாம். பகல் முழுவதும் மின்விசிறியும் கணினியும் ஓடினால், சிறிய குடும்பம் ஒன்று அடுத்த படிக்குத் தாவிவிடக்கூடும். போக்குவரத்துக் கொடுப்பனவைக் குறைத்து அந்தக் காசில் இதைச் சமன்செய்யும் யோசனை எங்கள் நிதிப் பிரிவிலிருந்து வந்தது. நான் எதிர்த்தேன். அலுவலகத்துக்கு வரும் மூன்று நாட்களுக்கும் மாதாந்த ரயில் சீசன் டிக்கெட் வாங்கத்தானே வேண்டும்.

மடிக்கணினியைக் கையளிக்கும்போது தொடர் இலக்கத்தோடு ஒரு தாளில் கையொப்பம் வாங்குங்கள். வீட்டில் வேலைநேரத்தில் நேரும் விபத்து, 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேலையிலிருந்து எழுந்ததும் வேலையின்போது நேர்ந்ததுமா என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கும். உங்கள் காப்புறுதி அதை ஏற்குமா என்று முகவரிடம் கேட்டுவையுங்கள்.

தரவும் வேவும்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளரின் தரவை மட்டுமல்ல, ஊழியரின் தரவையும் பற்றியது. முதலாவதற்காக எழுத வேண்டியவை எளியவை: கொம்பனியின் மடிக்கணினியைக் குடும்பத்தார் பயன்படுத்தக்கூடாது, கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பக்கூடாது, கடவுச்சொல்லுக்கு மேலாக இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாமல் உள்நுழையக்கூடாது. தேசிய அடையாள அட்டைப் பிரதிகள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றித்திரிவதை இன்றே நிறுத்துங்கள்.

இரண்டாவதில்தான் கொம்பனிகள் வழுக்கி விழுகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் படமெடுக்கும் மென்பொருளை விற்பதற்கு ஒருவர் எங்களிடமும் வந்தார். மாதிரிக்காக அவர் காட்டிய படங்களில் ஒன்றில், யாரோ ஒருவரின் வங்கி மீதியும் வைத்தியருக்கு எழுதிய மின்னஞ்சலும் தெளிவாகத் தெரிந்தன. வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். இரண்டு வரி அறிக்கையையும் முடிந்த வேலையையும் பார்த்து ஒருவருடைய உழைப்பை அளக்கத் தெரியாத முகாமையாளர், கணினித் திரையின் படத்தைப் பார்த்தும் அளக்கப் போவதில்லை. கட்டாயம் கண்காணிக்க வேண்டிய தேவை இருந்தால், எதை, எதற்காக, எவ்வளவு காலம் என்பதை ஊழியருக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பில் மாறிப்போகும் விதி

கொள்கையைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும். வெளியிடுமுன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். எங்கள் தமிழ்ப் பிரதியில் “ஊழியர் வாரத்தில் இரண்டு நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம்” என்று இருந்தது. ஆங்கிலப் பிரதியில் இருந்ததோ, பிரிவுத் தலைவர் அனுமதித்தால் என்ற பொருள். இந்த “-லாம்” என்பது கேட்பவர் காதில் உரிமையாக விழும், சொல்பவர் மனதில் அனுமதியாக இருக்கும். தமிழ்ப் பிரதியை மட்டும் வாசித்த இருவர் யாரையும் கேட்காமல் வீட்டில் நின்றுவிட்டார்கள்; அவர்கள் மீது பிழை இல்லை. “பிரிவுத் தலைவரின் எழுத்துமூல அனுமதியைப் பெற்ற ஊழியர் மட்டும் … வேலை செய்யலாம்” என்று திருத்தினோம். பொருள் முரண்பட்டால் எந்த மொழிப் பிரதி மேலோங்கும் என்பதையும் கடைசிப் பந்தியில் சேருங்கள்.

நியமனக் கடிதத்தில் வேலைத்தலம் என்று ஒரு முகவரி இருந்தால், கொள்கையோடு சேர்த்து ஒரு சிறு திருத்தக் கடிதத்திலும் இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும். ஏற்பாட்டை நிறுத்துவதற்கு எவ்வளவு முன்னறிவித்தல் என்பதும் அதில் இருக்கட்டும். எங்களுடையது ஒரு மாதம். ஒருவர் கொழும்பு அறையைக் காலிசெய்துவிட்டு ஊருக்குப் போன பிறகு, திங்கட்கிழமை காலையிலிருந்து தினமும் வாருங்கள் என்று வெள்ளிக்கிழமை மாலை சொல்வதற்கு எவருக்கும் அதிகாரம் இருக்கக்கூடாது.

மறுப்பை எழுதுங்கள்

முழுக் கொள்கையிலும் அதிகப் பயன் தந்த ஒரே விதியைக் கேட்டால் இதைச் சொல்வேன்: அனுமதி மறுக்கும் பிரிவுத் தலைவர், ஏழு நாட்களுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், காரணம் வேலையின் தன்மையைப் பற்றியதாக இருக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் வேலை நடக்கும் என்றவர் முதல் விண்ணப்பத்துக்கு மறுப்பு எழுத உட்கார்ந்து, மூன்று நாள் கழித்து அனுமதிக் கடிதத்தோடு வந்தார். எழுதும்போது காரணம் கிடைக்கவில்லை என்றார். அதே விதியால், முன்பு நட்புக்காக விட்டுக்கொடுத்துவந்த இன்னொருவரும், எழுத முடியாத அனுமதிகளை நிறுத்திக்கொண்டார்.

பதவி உயர்வுப் பட்டியலையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அதே புளூம் முன்னர் சீனாவின் அழைப்பு நிலையம் ஒன்றில் செய்த ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் வேலைத்திறன் 13 வீதம் கூடியது; ஆயினும் அதே திறனுள்ள மற்றவர்களை விட அவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. பணிப்பாளரோடு மின்தூக்கியில் ஏறி இறங்குபவரின் பெயர் முதலில் ஞாபகத்துக்கு வரும். அது மனித இயல்பு. ஆகவே ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு, யார் எத்தனை நாள் வீட்டில் என்ற விபரத்தை எடுத்துவிட்டே நான் கோவைகளை அனுப்புகிறேன்.

கொள்கையின் முதல் பக்கத்திலேயே அது காலாவதியாகும் திகதியைப் போடுங்கள். ஆறு மாதம் போதும். அந்தத் திகதிக்கு இரண்டு வாரம் முன்பு, அனுமதிகள், மறுப்புகள், மின்தடை அறிவித்தல்கள் ஆகிய மூன்று பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவர்களையும், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு சாதாரண ஊழியரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். களஞ்சியத்திலிருந்தும் ஒருவரை அழையுங்கள். எங்கள் முதல் கூட்டத்தில் அதிக நேரம் பேசியவர் அவர்தான்: வீட்டில் இருப்பவர்கள் அனுப்பும் விநியோகக் கட்டளைகள் பிற்பகல் மூன்றுக்குப் பின் வருவதால் தன்னுடைய லொறிகள் மறுநாள்தான் புறப்படுகின்றன என்றார். அன்றே, விநியோகக் கட்டளைகள் பிற்பகல் ஒரு மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்ற விதி சேர்ந்தது.